கரண்ட் வந்ததும் ஊமையாகும் பெட்டி

போன வாரம் என் வீட்டுக்காரர் மழைப்பெட்டியைத் தூக்கிப் பரணில் போடப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

மழைப்பெட்டி என்பது நாங்கள் வைத்த பேர். தூறல் விழுந்தால் சைரன் அடிக்கிற குட்டிக் கம்ப்யூட்டர். எங்கள் மலையூர் மஞ்சக்குட்டையில் இப்போது களம் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்கிறது. நனைந்தால் பூஞ்சை... வருஷத்து உழைப்பு போச்சு. நானோ வெயில் அடிக்கும்போதே வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவள். எனக்காகத்தான் வாங்கினோம்.

சிக்கல் என்ன? கரண்ட் போய் வந்தால் பெட்டி ஊமை. கடைக்காரர் சேலத்திலிருந்து லேப்டாப்போடு வந்து எதையோ தட்டினால்தான் மறுபடி பேசும். மலையில் கரண்ட் எப்போது போகும்? மழைக்கு முன்னால்தான்!

"ஏழாவதோட நின்னவளுக்குக் கம்ப்யூட்டரு எதுக்குப் புள்ள? தார்ப்பாயை நம்பு" என்றார் அவர்.

தார்ப்பாயையும் நம்புகிறேன். பெட்டியையும் விடமாட்டேன். தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஷீபாவிடம் போனேன். பெங்களூர் கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிற பெண்.

பெட்டியை லேப்டாப்பில் இணைத்தாள். ஓடிய எழுத்துகளைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, பெட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ளே எந்திரிக்கிற வரிசையிலதான் கோளாறு."

பெட்டி விழிக்கும்போது அதன் கெர்னல் — எல்லாவற்றுக்கும் தலைமையான புரோகிராம் — ஒவ்வொரு பாகத்தையும் இயக்குகிற குட்டிப் புரோகிராமான டிரைவரையும் எழுப்புமாம். மழை சென்ஸார் ஒரு கம்பித் தடம் வழியாகத்தான் பேச முடியும். ஆனால் தடத்தின் டிரைவர் எழும் முன்பே சென்ஸார் டிரைவரின் முறை வந்துவிடுகிறது. தடத்தைக் காணாமல் அது 'சென்ஸாரே இல்லை' என்று பதில் சொல்கிறது. கெர்னலும் நம்பி, அப்புறம் கூப்பிடுவதே இல்லை.

"தடத்தை முதல்ல எழுப்பினா ஆச்சு. அதுக்கென்ன கண்ணு?"

"எத்தனை பாகத்துக்குங்கக்கா வரிசை போடறது? 'இல்லை'ன்னு சொல்லாம, 'இன்னும் ஆகல, அப்புறம் கூப்பிடு'ன்னு சொன்னாப் போதுமுங்க. கெர்னல் அதைக் காத்திருக்க வெச்சு, வேற டிரைவர் எந்திரிச்சதும் மறுபடி கூப்பிடும்."

"சலிச்சுக்காதா?"

"உங்களாட்டம் நொம்பப் பொறுமைங்க!"

அந்த ஒரு பதிலை மாற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் கரண்ட் போனது. வந்தது. கரடியூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாரு, உன்ற பெட்டி தூங்குது" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். முடிக்கவில்லை — சைரன்! தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடியவர் அவர்தான். காப்பி நனையவில்லை.

அப்பா வேலைக்காக வேறு எஸ்டேட் மாறியபோது ஏழாம் வகுப்புப் பதிவேட்டில் என் பேரை அடித்தார்கள். யாரும் மறுபடி கூப்பிடவில்லை. அதனால் என்ன? நான் 'இல்லை' என்று சொல்லவே இல்லையே! இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

பரணில் இடம் காலியாக இருந்தது... 'ஏழாவதோட நின்னவளுக்கு எதுக்கு' என்ற கேள்வியை அங்கே போட்டாயிற்று.