போடி அட்டைக்கு இங்கே ஊசி இல்லை

தடுப்பூசி அட்டை எந்த மாநிலத்தில் கொடுக்கப்பட்டிருந்தாலும், குழந்தை எங்கே வந்து நிற்கிறதோ அங்கே ஊசி போட வேண்டும். விதி அவ்வளவுதான்.

என் மருமகளுக்குத் தலைப்பிரசவம் தாய்வீடான போடியில். அதனால் பேத்தியின் அட்டை தமிழ்நாட்டு அட்டை. நிமோனியா ஊசியில் இரண்டு தவணை அங்கே போட்டாயிற்று; ஒன்பதாம் மாதத் தவணைக்குள் மலையேறி, கேரளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நடுக்காதில் சீழ் வைக்கும் கிருமி ஒன்றையும் அதே ஊசிதான் தடுக்கிறது.

சுகாதார நிலையத்து நர்ஸ் அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இது தமிழ்நாட்டுக் கார்டல்லே சாரே. அங்கேயே போயி எடுத்தா மதி." அங்கே போய்ப் போட்டுக்கொண்டால் போதுமாம்.

"அதை எழுதிக் கொடுங்க," என்றேன்.

"அதெல்லாம் எழுதித் தர்றதில்ல."

தர மாட்டார் என்று தெரியும். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் நானும் ஆட்களை வாயால்தான் திருப்பி அனுப்பினேன். எழுத்தில் திருப்பினால் மாட்டிக்கொள்வோம். அந்த வித்தையை என்னிடமே காட்டியதுதான் பொறுக்கவில்லை. அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன்: எந்த உத்தரவின்படி மறுத்தீர்கள்?

"மனு அதுபாட்டுக்குப் போகட்டும் மாமா," என்றாள் மருமகள். "நான் ஒரு ஜீப்பப் பிடிச்சு போடிக்குப் போயி போட்டுட்டு வந்துர்றேன்."

வேண்டாம் என்றேன். போட்டுவிட்டால், 'குழந்தைக்கு ஊசி போடப்பட்டுவிட்டது, புகாருக்கு இடமில்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். நான் அப்படி மூடிய கோப்புகள் ஏராளம். முப்பது நாள்தானே, பொறு என்றேன்.

முப்பது நாளில் பதில் இல்லை. மேல்முறையீடு எழுதினேன், நர்சின் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதியதால் நன்றாகவே வந்தது. அதைத் தபாலில் சேர்த்த வாரம் பேத்தி காதைப் பிடித்து இழுத்து அழுதாள். மறுநாள் தலையணையில் மஞ்சளாகச் சீழ்.

மூணாற்றில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஊசி போட்டிருந்தா இது வந்தே இருக்காதுன்னு சொல்ல முடியாது. வாய்ப்பு குறைஞ்சிருக்கும். ஏன் போடல?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "அதுக்கு மாமா மனு போட்டிருக்காக சார்," என்றாள்.

காய்ச்சல் விட்டு, காது காய்ந்ததும், ஒரு காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"கேக்கல மாமா. சொல்லிட்டுப் போறேன்."

ஜீப் மாநில எல்லையான போடிமெட்டு தாண்டியிருக்கும் நேரத்தில் தபால்காரர் மேல்முறையீட்டுக்கான பதிலோடு வந்தார். எந்த மாநில அட்டைக்கும் ஊசி உண்டு. நர்சிடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. குழந்தையை அழைத்து வரலாம். நர்சைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். இனித்தது. வந்த கடிதத்தில் தேதி போடுவது கைப்பழக்கம். மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆகஸ்டு பதினேழு.