பம்பக்காவும் சுற்றுவழிப் பொறியும்

முதுகலை இயற்பியலில் சேர்ந்த முதல் பருவத்தில், மின்னிறக்கச் சோதனையின் பதிவேட்டை ஆய்வக உதவியாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் வரைபடங்கள் அச்சடித்ததுபோல் இருக்கும். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

"படம் அழகா இருக்கு தம்பி. இந்தத் தேதியில பம்ப் ரிப்பேர்ல கிடந்துச்சே, காத்தை வாயால உறிஞ்சினீங்களா?"

சீனியரின் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தேன். பம்பக்கா எனக்கு அறிமுகமானது இப்படித்தான். வெற்றிட பம்புக்கு எண்ணெய் மாற்றுவதும் மூட்டுகளுக்கு கிரீஸ் பூசுவதும் அவர் வேலை என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர்.

சோதனை எளிதுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பித்தளைத் தட்டுகள், விரல் அகல இடைவெளியில். மேல்தட்டு ஒரு கம்பியில் தொங்கும். கீழ்த்தட்டு உலோகத் தளத்தில் நிற்கும். காற்றை உறிஞ்சிக்கொண்டே, எத்தனை வோல்ட்டில் பொறி பாய்கிறது என்று குறிக்க வேண்டும். காற்று குறையக் குறைய வோல்ட்டும் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் மறுபடி ஏற வேண்டும். புத்தகத்தில் ஏறும். எங்கள் கூண்டில் ஏறாது, முந்நூற்று நாற்பதிலேயே படுத்துக்கிடக்கும். ஏறுகிற பாதியை மட்டும் வருடாவருடம் மாணவர்கள் சீனியர்களிடம் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். பம்பக்கா தானே அளந்து எழுதிவந்த நோட்டில்தான் அது படுத்தபடியே இருந்தது.

புதிதாக வந்த துறைத்தலைவர் அந்த நோட்டைப் புரட்டினார்.

"கூண்டுல லீக் இருக்கும்மா. இத்தனை வருஷம் என்ன பார்த்தீங்க? கழிச்சுடலாம்."

கருவி கழிந்தால், அதற்கென்று போட்ட பணியிடமும் கழியும். பம்பக்காவை நிரந்தரமாக்கும் கோப்பும் துறைத்தலைவரின் மேசையில்தான் கிடந்தது.

"லீக் இல்ல சார். இப்ப வால்வை மூடுறேன். சாயங்காலம் நீங்களே முள்ளைப் பாருங்க."

மாலையில் அழுத்தமானியின் முள் மயிரிழைதான் நகர்ந்திருந்தது; வெளிக்காற்று உள்ளே புகவில்லை.

"அப்ப ஏன் வோல்ட் ஏறல?"

"தெரியல சார். ஒரு வாரம் டைம் குடுங்க."

மாணவர்கள் எழுதுவதற்காக ஆய்வகத்தில் எப்போதும் விளக்கு எரியும். எல்லோர் கண்ணும் மீட்டர் மேல். கூண்டுக்குள் யாரும் பார்த்ததில்லை. பம்பக்காவின் கணவர் தையல்காரர். அவரிடமிருந்து கறுப்பு லைனிங் துணி கொண்டுவந்து கூண்டைப் போர்த்தி, தானும் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். நான் வோல்ட்டை ஏற்றினேன்.

"தம்பி, நடுவுல ஒண்ணுமே இல்ல. பின்பக்கம் எரியுது."

நானும் பார்த்தேன். தட்டுகளுக்கு நடுவே இருட்டு. மேல்தட்டின் முதுகிலிருந்து சுற்றி வளைந்து தளம் வரை ஊதா வெளிச்சம். மோதினால்தான் பொறி பிறக்கும்; காற்று குறைந்தால் குறுகிய இடைவெளியில் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் கடந்துவிடும். நீண்ட வழியில்தான் மோத மூலக்கூறு கிடைக்கும் என்று நான் பாடமாக ஒப்பித்தேன்.

"அட, எங்க வீட்டுக்காரர் கதை. எதிர்க்கடையில பட்டன் இருக்கும். வழியில பேச ஆள் இல்லைன்னு தெருவையே சுத்திக்கிட்டுப் போவார். அந்த வழிய அடைச்சாத்தான் அடங்குவார்."

அடைத்தார். கம்பிக்குக் கண்ணாடிக் குழாய் மாட்டினார். தட்டின் முதுகை மூடக் கணவரின் பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கடத்தாத மைக்காத் தகட்டை எடுத்தார். பெட்டி எங்கே என்று போனில் கேட்டவரிடம், "காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்திருக்கு. என்னை மாதிரி டெம்பரரிதான்" என்றார்.

வாரக் கடைசியில் துறைத்தலைவரே குமிழைத் திருகினார். முந்நூற்று நாற்பது தாண்டியது. நானூறு, ஐந்நூறு.

"பொறியே காணோமேம்மா?"

"வரும் சார், ஏத்துங்க."

அறுநூற்றுப் பத்தில் தட்டுகளுக்கு நடுவே பற்றியது. காற்றை இன்னும் குறைத்தார்கள். வோல்ட் இன்னும் ஏறியது. துறைத்தலைவர் கழிவுப் பட்டியலை எடுத்து அந்தக் கருவியின் வரியை அடித்தார். பழைய நோட்டைப் பம்பக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒண்ணையும் திருத்தாதீங்க. எல்லாம் சரியான ரீடிங்தான்."

நிரந்தர ஆணை வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. பம்பக்கா இப்போதும் அதே ஆய்வகத்தில், ஜன்னலோர மேசையில் இருக்கிறார். பதிவேட்டில் முதலில் தேதியைத்தான் பார்க்கிறார்.