சுருட்டுப் பிடித்த குதிரை

ஊமைப் படத்தை எப்படிப் பார்ப்பது என்பதை நான் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், அப்பாவின் ஈர வேட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கற்றேன். இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் என்னை அந்த வயதிலேயே கெட்டிக்காரனாக இருந்தவன் என்று எண்ணிக்கொள்வதுண்டு. அந்த எண்ணம் முழுக்கத் தவறானதும் அன்று; வகுப்பில் முதலிடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆயினும் அந்த வேட்டிக்குப் பின்னால் அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சொல்லாவிட்டால் இந்த நிகழ்ச்சியைச் சொல்ல முடியாது.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் விடுதலை, உறுதியானதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டத் தொடங்கின. கிளேபாங் கடற்கரையோரம் ஒரு பங்களாவின் தட்டுமுட்டுச் சாமான்களை லெலோங் விட்டார்கள். அந்த ஏலத்தில் தையல் இயந்திரம் ஒன்றை எடுத்து வரும்படி அம்மா சித்தப்பாவை அனுப்பினார். சித்தப்பாவோ கையால் சுற்றும் படக்கருவி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு தகர டப்பாவில் ஒரே ஒரு படச்சுருள். அம்மா ஒரு வாரம் அவரிடம் நேராகப் பேசவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, “உங்க தம்பிக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளுங்க” என்று அப்பாவிடம் சொல்வார். அப்பாவும் கேட்டுச் சொல்வார்.

படம் ஒரு நகைச்சுவைப் படம். பேச்சில்லை, பாட்டில்லை. ஒரு பெரிய ஓட்டலில் பெட்டி தூக்கும் ஒருவன், தன் உடம்பைவிட இரண்டு மடங்கு பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, தொந்தி பெருத்த முதலாளியிடம் அகப்படாமல் ஓடிக்கொண்டே இருப்பான். ஞாயிறு பிற்பகல்தோறும் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு அதையே போடுவோம். வேறு சுருள் இல்லை. முதல் சில வாரங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு சிரிப்பு தீர்ந்துபோயிற்று. சிரிப்பு தீர்ந்த பிறகுதான் உண்மையில் படத்தைப் பார்க்க ஆரம்பித்தோம்.

நடுக்கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையிலிருந்த அகன்ற வாசலில் வேட்டியைக் கட்டுவது வழக்கம். ஆண்களும் வெளியாரும் கூடத்தில். பெண்கள் உள்ளறையில், அதாவது வேட்டிக்குப் பின்பக்கம். துணி நனைந்திருந்தால் ஒளி அந்தப் பக்கமும் ஊடுருவும் என்பதால், படம் தொடங்குமுன் அத்தை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேட்டி முழுவதும் தெளிப்பார். அத்தையும் மகளும் செமாபோக்கிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள் ஒருவரும் தவறாமல் வருவார். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும். பேச வாய் திறந்தால் மலாய்தான் வரும். படத்தில் இடையிடையே வரும் எழுத்துகள் அந்தப் பக்கத்தில் திரும்பித் தெரிகின்றன என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். எழுத்தைத் தவிர வேறு எதுவும் திரும்பும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. ஆண்களில் யாரும் அங்கே போய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கருவியின் கைப்பிடியைச் சித்தப்பா ஒருவரிடமும் கொடுத்ததில்லை. அதைச் சுற்றுபவன் கையில்தான் அத்தனை மனிதர்களின் ஓட்டமும் நடையும் இருந்தன. மெதுவாகச் சுற்றினால் முதலாளி நோயாளியைப் போல நடப்பார். வேகமாகச் சுற்றினால் பறப்பார். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கைப்பிடி ஒன்றே. அதற்காகவே படத்தின் நுட்பங்களை ஆராய்ந்து சித்தப்பாவிடம் சொல்லி வந்தேன். சுழலும் கதவைச் சுற்றி அவர்கள் ஓடும் காட்சியில் மனிதர்கள் அப்படி விரைய வேண்டுமானால், படம் பிடித்தவர் தம் கருவியை மெதுவாகச் சுற்றியிருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது சித்தப்பா புருவத்தை உயர்த்தினார். அது என் பன்னிரண்டாம் வயதின் பெருமைகளில் ஒன்று.

அந்தப் பெருமை மறு ஞாயிறு வரை நீடித்தது.

படத்தில் ஒரு காட்சி. தெருவில் நிற்கும் அவன் கனத்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே வீசுவான். மாடி முகப்பில் நிற்கும் முதலாளி ஒன்றைக்கூட நழுவவிடாமல் பிடித்துக்கொள்வார். பல நாள் பயிற்சி செய்திருப்பார்கள் என்று நான் தீர்ப்புக் கூறியிருந்தேன். அப்பாவும் அதை ஒப்புக்கொண்டிருந்தார். அன்று வேட்டிக்குப் பின்னாலிருந்து அத்தை மகளின் குரல் வந்தது.

“மாமா, அந்தத் தொப்பிக்காரரு சுருட்டே பிடிக்கல. புகை வெளிய வரல, வாய்க்குள்ளாற போவுது பாருங்க.”

தெருவோரம் வேடிக்கை பார்க்கும் ஒருவரைத்தான் அவள் சொன்னாள். அத்தனை வாரங்களில் அவரை நாங்கள் யாரும் பொருட்படுத்தியதில்லை. எங்கள் கண்ணெல்லாம் பெட்டிகள்மேல் இருந்தது.

“அதுக்கு என்னாவாம்?” என்றேன் நான்.

“பெட்டியெல்லாம் மேலேருந்து கீழதான் போட்டிருக்காங்க. படத்த திருப்பி ஓட்டிட்டாங்க. உங்க சித்தப்பாவயும் திருப்பிச் சுத்தச் சொல்லு, தெரியும்.”

சித்தப்பா கைப்பிடியை எதிர்ப்புறமாகச் சுற்றினார். மாடியிலிருந்து பெட்டிகள் கனத்த பெட்டிகளாகவே கீழே விழுந்தன. அவன் திணறித் திணறி அவற்றை ஏந்தினான். தொப்பிக்காரரின் வாயிலிருந்து புகை அழகாக வெளியேறி மேலே போயிற்று. பிறகு அப்பா, “சபாஷ்! யாரு பெத்த பொண்ணு இது, என் தங்கச்சி மவளாச்சே!” என்றார். என் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும்போது அவர் “ம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அன்று இரவுச் சோற்றுக்கு மீன் குழம்பு. நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போயிற்று. எனக்கு வால். மீனில் எந்தத் துண்டு எவருக்கு என்பதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. அதன்பின் கவனிக்காமல் இருந்ததும் இல்லை. அவள் சிரித்தால் எனக்கு எரிந்தது. சிரிக்காமல் சாப்பிட்டால், அடக்கமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறாளே என்று அதைவிட எரிந்தது.

ஒரு வாரம் முழுவதும் பகலில் டப்பாவைத் திறந்து சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெட்டி தூக்குபவன் ஒரு பெட்டிக்குள் குதித்து மூடிக்கொள்ள, அதே பெட்டியிலிருந்து ஒரு கிழவி எழுந்து வரும் காட்சியின் மர்மத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நடுவில் படப்பிடிப்பை நிறுத்தி ஆளை மாற்றியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வாசற்படியிலேயே அவளை மறித்து இதைச் சொன்னேன். அவள், “ஆமா, சுவத்துல தொப்பியோட நிழலு ஒரு குதி குதிக்குமே, அப்பத்தானே?” என்றாள். அந்த நிழலை நான் பார்த்திருக்கவில்லை. “அதேதான்” என்றேன்.

இந்த நிலையில்தான் அப்பாவின் அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி தம் மனைவியோடு படம் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பண்டார் ஹிலிரில் எங்கு போனாலும் கடைக்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர் அவர். படம் ஓடும்போது தம் மகன் ஒவ்வொரு காட்சியும் எப்படி எடுக்கப்பட்டது என்று விளக்குவான் என்று அப்பா அவரிடம் சொல்லியிருந்தார். சித்தப்பா ஒப்பவில்லை. கண்டுபிடித்தவள்தான் சொல்ல வேண்டும் என்றார். வெளி ஆண்கள் இருக்கும் கூடத்தில் வயதுக்கு வரப்போகிற பெண் நின்று பேசுவதாவது என்றார் அம்மா. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அவள் வேட்டிக்குப் பின்னாலிருந்தே சொல்ல வேண்டும். நான் முன்னால் நின்று, அவள் சொல்லும் இடத்தைக் கம்பால் தொட்டுக் காட்ட வேண்டும்.

“ரெண்டு பேர்ல யாரு நல்லாச் செய்யறாங்களோ, அவங்களுக்குக் கைப்பிடி” என்றார் சித்தப்பா. அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அன்றிரவு உறங்கவில்லை.

பெரிய கிராணி முன்வரிசையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். வேட்டிக்கு அருகில் போனால் என் நிழல் படத்தில் விழுந்தது. “டேய், மறைக்காத லா! ஓரமா நில்லு” என்று சித்தப்பா விரட்டினார். ஓரத்தில் நிற்பவனுக்குப் படம் நிழலும் வெளிச்சமுமாக ஏதோ அசைவதுபோலத்தான் தெரியும். அதனால் எனக்குக் கவலை இல்லை. நான் பார்க்க விரும்பியது படத்தை அன்று. பெரிய கிராணியின் முகத்தை.

பெட்டி வீசும் காட்சி வந்தது. பின்னாலிருந்து அவள் தெளிவாகச் சொன்னாள்: “சோத்துக்கைப் பக்கம் நிக்கிறவரப் பாருங்க. அவருதான் சுருட்டு பிடிக்கிறாரு.”

நான் முகத்தைக் கிராணியிடமிருந்து எடுக்காமலே கம்பைக் கூடத்தாருக்கு வலப்பக்கம் கம்பீரமாக நீட்டி ஊன்றினேன்.

கூடம் வெடித்தது. கம்பின் முனை நின்ற இடத்தில் ஒரு வண்டிக் குதிரை எங்களுக்குப் பின்புறம் காட்டி நின்றுகொண்டிருந்தது.

“என்னா தம்பி, உங்க ஊருல குதிரை அந்தப் பக்கமாத்தான் சுருட்டு பிடிக்குமோ?” என்றார் பெரிய கிராணி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கைப்பிடிக்காக என் மானத்தை வாங்கிவிட்டாள். காது மடல்கள் கொதிக்க, கம்பை எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் அவள் வென்றதாகிவிடுமே என்றுதான் நின்றேன்.

வேட்டிக்குப் பின்னால் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவள் தொடர்ந்தாள். “பீச்சைக்கைப் பக்கம், சுவத்துல தொப்பி நிழலு.” தயங்கித் தயங்கிக் கம்பை இடப்பக்கம் நீட்டினேன். நிழல் அங்கேதான் குதித்தது. பெரிய கிராணி முன்னால் சாய்ந்தார். “இப்ப சோத்துக்கைப் பக்கம் கதவு. முதலாளி வருவாரு, இவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதுக்காகத்தான் படத்த தூரத்துலேருந்து எடுத்திருக்காங்க, ரெண்டு பேரையும் சேத்துப் பாக்கணும்னு.” கம்பு சென்ற இடத்தில் கதவு திறந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

அதைவிட இனிமையானது பின்பக்கத்திலிருந்து கேட்டது. அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அங்கே ஒரே சிரிப்பு. “சாலா லா, சாலா! கிரி, கிரி!” என்று செட்டி அம்மாள் மலாயில் திருத்திக்கொண்டிருந்தார், தப்பு, தப்பு, இடப்பக்கம் என்று. “சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னுகூட மறந்துபோச்சாடி உனக்கு?” என்று அத்தையே அதட்டினார். பெரிய கிராணியின் மனைவி, “சின்னப் பொண்ணுதானே, பயந்துருச்சு, விடுங்க” என்று பரிந்து பேசினார். அவள் உளறுகிறாள், நான் சரியாகக் காட்டுகிறேன். எப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வென்றுகொண்டிருப்பவன் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

படம் முடிந்ததும் பெரிய கிராணி என் தோளைத் தட்டினார். “மொதல்ல சறுக்குனாலும் பையன் கெட்டிக்காரன். பொண்ணுதான் உள்ளாற தடுமாறிடுச்சு போல.” அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, “வா” என்றார்.

பிற்காலத்தில் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் திரையில் காட்டிய படத்தகடு ஒன்றைத் திருப்பிச் செருகிவிட்டார். எழுத்துகளோடு மனிதர்களும் பக்கம் மாறி நின்றார்கள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்த இருட்டில் வேட்டிக்குப் பின்னால் நிலவிய சிறிது நேர அமைதி நினைவுக்கு வந்தது. குதிரையைக் கண்டு கூடம் சிரித்த சிரிப்பிலிருந்து, தன் வலப்பக்கம் கூடத்தாருக்கு இடப்பக்கம் என்பதை அவள் அந்த அமைதியில் கணக்கிட்டிருக்கிறாள். அதன்பின் சொன்னதையெல்லாம் என் பக்கத்துக்கு மாற்றியே சொல்லியிருக்கிறாள். தன் பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது தோன்றியதே, எனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை எனக்கு இன்றும் அடங்கியபாடில்லை.

அன்று பலகாரத் தட்டோடு அவள் வெளியே வந்தபோது நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். “சோத்தாங்கையால சுத்தணுமா, பீச்சாங்கையாலயா? நீதான் சொல்லேன்” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. பெண்கள் மறுபடி சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். “எந்தக் கையா இருந்தாலும் மெதுவா சுத்து. அவன் ஓடுற ஓட்டத்த பாத்தா பாவமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, பலகாரத்தை எனக்குத்தான் முதலில் நீட்டினாள்.

தோற்றுப்போனவளுக்கு இத்தனை சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.