தலையணைக்கடியில் கருடப்பச்சை

எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்ததைவிடக் கல் பார்த்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அறுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. திருவள்ளூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம்.

ஒரு புதன்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் கடம்பத்தூரிலிருந்து வந்தார்கள். அவர்கள் வீட்டு மருமகளுக்குப் பச்சைக்கல் கம்மல் போடுவது வழக்கமாம். அதற்கு முன் கல்லை ஒரு ராத்திரி பெண்ணின் தலையணைக்கடியில் வைத்துப் பார்ப்பார்களாம்.

“நல்ல கனா வந்தா கம்மலு. கெட்ட கனா வந்தா கல்லையும் எடுத்துக்குவோம், பேச்சையும் எடுத்துக்குவோம். மனசுல வெச்சிக்காதீங்க” என்று அந்த அம்மாள் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெற்றிலையின் மேல் கல்லை வைத்தார்கள். புளியங்கொட்டையில் பாதிகூட இராது. அசுரன் ஒருவனின் பித்தத்தைக் கருடாழ்வார் கொத்திக்கொண்டு பறந்தபோது பூமியில் சிந்தியதுதான் இந்தக் கருடப்பச்சை என்றார் அந்த அம்மாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை என் சடையைப் பிடித்து இழுத்தாள். “கல்லு எப்படி உண்டாகுதுன்னு அவரைக் கேளுடி. நீயா கேக்கிற மாதிரி கேளு.”

மாப்பிள்ளைக்கு நகையில் கல் பதிக்கிற வேலை. “பூமிக்கு அடியில பாறை வெடிப்புல கொதிக்கிற தண்ணி ஓடும் பாப்பா. அது ஆற ஆற, அதுல கரைஞ்சிருக்கிற சரக்கு கொஞ்சம் கொஞ்சமா இறுகிக் கல்லாவும். ராஜாங்க காலத்துலயே தூரதேசத்துலேர்ந்து கப்பல்ல வந்து எறங்கினுதான் இருந்துச்சு” என்றார்.

ஓடிப்போய் ஒப்பித்தேன். “உள்ள பாசி மாதிரி இன்னா தெரியுதுன்னு கேளு” என்றாள்.

“பாசி இருந்தாத்தான் நெசக்கல்லு. கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருந்தா அது கண்ணாடியேதான்.”

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். மாப்பிள்ளை என்னை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து, “இன்னும் இன்னா கேக்கணுமாம்?” என்றார். அத்தைக்குக் கல் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியம்.

படுக்கும்போது அம்மா கல்லை மஞ்சள் துணியில் முடிந்து அத்தையின் தலையணைக்கடியில் வைத்துக் கும்பிட்டுப் போனாள். அம்மா தலை மறைந்ததும் அத்தை அதை எடுத்து என் தலையணைக்கடியில் தள்ளினாள். “நீ வெச்சிக்கோ. மூச்சு வுடாத.”

எனக்குக் கனவு வந்தது. கோயில் குளம் வற்றி, சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்ததும் அத்தையிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “கம்முனு கெட” என்று கல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு அப்பா முன்னால் போய் நின்றாள். “கருட சேவை கண்டேண்ணா. பெருமாள் என்னைத் திரும்பிப் பாத்தாரு.” அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கற்பூரம் ஏற்றினாள். அன்றைக்கே கடம்பத்தூருக்கு ஆள் போனது.

எனக்குத்தான் ஒன்று இடித்தது. அத்தையைத் தனியாகப் பிடித்து, “கல்லு எங்கிட்டதானே இருந்துச்சு, கனா உனக்கு எப்படி வந்துது?” என்று கேட்டேன்.

“பக்கத்துலதானேடி படுத்துக்கினு இருந்தேன்” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அத்தனை சக்தியுள்ள கல்லுக்கு ஒரு பாய் தூரம் பெரிதா? கெட்டதை என்னிடம் இறக்கிவிட்டு நல்லதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அத்தையின் காதில் அந்தப் பச்சை ஏறிய பிறகும், அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் அவள் கம்மலைத்தான் கும்பிடுவேன். மாப்பிள்ளை மாமா மட்டும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். சாமி விஷயத்தில் இந்த மனிதருக்குப் பயமே இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.