என் விரலிலிருந்த மூன்று மருக்கள்

எங்கள் லைன் வீடுகளில் மலையாளத்தைத் தட்டுத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எட்டாம் வகுப்பில் அந்தக் கர்வம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. கார்ப்பரேஷன் வேலைக்காக மட்டாஞ்சேரிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். பெரியவர்கள் மலையாளத்தில் சண்டையே போடுவார்கள், எழுத்தைக் கண்டால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். கரண்ட் பில், ரேஷன் கடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் நான் வாசித்து அர்த்தமும் சொல்வேன். தெரியாத சொல் வந்தால் தெரிந்த மாதிரி ஒரு அர்த்தம் சொல்வேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அந்த வருஷம் ஊழியர் வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். முப்பது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதற்கான அறிகுறி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனை. அப்பாவிடம் சொன்னதும் அவர் பீடி வாங்கக் கிளம்பிவிட்டார். அம்மாவும் பக்கத்து வீட்டிலிருந்த சித்தியும் போனார்கள். சித்தி போகும்போதும் சிரித்தாள், வரும்போதும் சிரித்தாள். அம்மா இரண்டு தடவையும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடி உட்கார, நான் நின்றுகொண்டு அதை உரக்கப் படித்தேன். இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று போட்டிருந்தது. அடுத்த வரியில், அதே வகையைச் சேர்ந்த வேறு சில வைரஸ்கள்தான் கைகால்களில் அரிம்பாறை உண்டாக்குகின்றன என்று இருந்தது. அரிம்பாறை என்றால் மரு. பிரசுரத்தைப் பிடித்திருந்த என் வலது கை விரல்களில் மூன்று மருக்கள் இருந்தன. அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததைப் படித்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சித்திக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அம்மாவுக்கு மட்டும் திரும்பவும் வந்து பரிசோதித்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு வந்தது. அதையும் நான்தான் படித்தேன். சந்தேகமே இல்லை, என் வேலைதான். அம்மாவின் வயிற்றின் மேல் வலது கையைப் போட்டுக்கொண்டுதான் தினமும் தூங்குவேன். பதின்மூன்று வயதாகியும் சாப்பாட்டில் கடைசி உருண்டையை அம்மா கையால்தான் வாங்குவேன். "கட்டிக்கிட்டுப் போறவன் வீட்டுக்கும் போயி ஊட்டிவிடுவியா?" என்று சித்தி அம்மாவைக் கேலி செய்வாள்.

அம்மா யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம், சுக்கும் மிளகும் குவிந்த ஒரு கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். எந்தச் சோப்புக்கும் அந்தச் சுக்கு வாடை போகாது. அம்மா தெருமுனையில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும், எனக்கு அது அம்மாவின் வாசனை. அந்தக் கை நீட்டிய உருண்டையை அன்றைக்கு முதல்முறையாக வேண்டாமென்று சொன்னேன். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். மறுநாளும் நிறைந்துவிட்டது. பாயை அப்பாவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். என் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தேன். அம்மா தலை பின்னிவிட வந்தால் நானே பின்னிக்கொள்வேன் என்று விலகினேன். அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். சித்திதான், வயசுக்கு வந்த பெண்களுக்கு இப்படித்தான் திமிர் வரும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் உப்பும் மிளகும்தான். மரு போக வேண்டுமென்றால் அம்மனுக்கு அதைத்தான் நேர்ந்துகொள்வார்கள். மட்டாஞ்சேரியில் மிளகுக்கா பஞ்சம்? அம்மா முந்தானையை உதறினாலே நாலு விழும். பள்ளிக்கூடம் போகும் வழியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒரு கைப்பிடி போட்டேன். மரு என்னிடமே இருக்கட்டும், அம்மாவிடம் இருப்பது போனால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். வகுப்பில் போய் உட்கார்ந்ததும் பயம் பிடித்தது. தினமும் எத்தனையோ பேர் மருவுக்காகப் போடும் உப்பு மிளகு அது. அம்மன் வழக்கம்போல என் விரலைக் குணமாக்கிவிட்டு அம்மாவை மறந்துவிட்டால்?

அதற்கேற்ற மாதிரி வந்தது அடுத்த அதிர்ச்சி. குழாயடியில் பிழிந்த எலுமிச்சைத் தோல்கள் கிடந்தன. அம்மா வேலைவிட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல், அங்கேயே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையிலும் எலுமிச்சையை அரக்கி அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மருவுக்கு எலுமிச்சை தேய்ப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். ஆக, அம்மாவின் கைக்கும் வந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறாள். அன்றிலிருந்து ஒரு மாதம் குழாயடியில் எலுமிச்சைத் தோல் இல்லாத நாளே கிடையாது.

இரண்டாவது பரிசோதனையின் முடிவை வாங்க ஒரு சனிக்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எழுதிக் கொடுப்பதைப் படிக்க என்னையும் கூட்டிப்போனாள். பஸ்ஸில் நான் அவளுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா காகிதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி காகிதத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் எதற்கு? என்னால் தாங்க முடியவில்லை. வலது கையை மேஜை மேல் வைத்து, எனக்குத் தெரிந்த அத்தனை மலையாளத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என்னிடமிருந்துதான் அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது, பிரசுரத்தில் போட்டிருக்கிறது, எனக்கும் டெஸ்ட் எடுங்கள், அம்மாவைக் காப்பாற்றுங்கள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மோளே, இது வேறே, அது வேறே" என்றார். மருவை உண்டாக்குவது வேறு ரகமாம், அது கையிலேயே இருந்துவிட்டுத் தானாகப் போய்விடுமாம். அம்மாவுக்குப் பரிசோதித்தது இன்னொரு ரகத்துக்காக. அது கூடப் படுப்பதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் பிள்ளைகளிடமிருந்து ஒட்டாதாம், கல்யாணம் கழிந்தவர்களுக்கு வருவதாம். கல்யாணம் என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் எதை ஒளித்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மா மட்டும் அவசரமாக ஜன்னலைப் பார்த்தாள்.

"நின்னெ டெஸ்ட் செய்யண்ட" என்றும் சொன்னார். என் வயதுக்காரிகளுக்கு அந்தப் பரிசோதனை தேவையே இல்லை, சின்ன வயதில் வந்தாலும் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும், இருக்கிறதா என்று தேடப்போனால் வீண் பயம்தான் மிச்சம் என்றார். கடைசியில்தான் அந்தக் காகிதத்துக்கு வந்தார். முதல் தடவை எடுத்தது பார்ப்பதற்குப் போதவில்லை, அதனால்தான் திரும்ப வரச் சொன்னார்களாம். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்தது, அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. மூன்று வருஷம் கழித்து வந்தால் போதும்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அம்மாவும் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று திரும்பிப் பார்த்தால், அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்காகவாடி?" என்றாள். "இம்புட்டு நாளும் அதுக்காகவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறெதற்கு? டாக்டரம்மா முன்னால் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நோய் இல்லையென்றால் ஏன் அழ வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக் கொடு என்று கேட்டேன். "எலுமிச்சய கண்டாலே வெறுப்பா இருக்குடி, சாயா குடிக்கலாம் வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மருக்கள் இருந்த கையைத்தான் பிடித்தாள், பஸ் ஸ்டாப் வரைக்கும் விடவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு முடியும்போது அம்மா ஒரு உருண்டை பிடித்தாள். என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தவள் அங்கேயே நிறுத்தினாள்.

"வாடை அடிக்குதா?"

"அடிக்குது" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன். அம்மா சிரித்தாள், மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு குழாயடியில் எலுமிச்சைத் தோல் கிடக்கவில்லை. அம்மாவின் வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் மருக்களும் அடுத்த வருஷத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்துபோயின. டாக்டரம்மா சொன்னதை மறந்துவிட்டு அம்மனுக்கே நன்றி சொன்னேன்.

எனக்கு முப்பது வயதானதும் நானும் அந்தப் பரிசோதனைக்குப் போய் வந்தேன். துண்டுப் பிரசுரத்தை இந்தத் தடவை எல்லா வரிகளோடும் படித்தேன், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த எலுமிச்சைகள் எனக்குப் புரிந்தது போன மாதம்தான். ஒன்பது வயது மகளுக்குச் சோறு ஊட்டப்போனேன். அவள் ஏதோ விளையாட்டு ஞாபகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டாள். உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது, என் கையை நான் முகர்ந்து பார்த்தேன்.