இடது கைக்குப் பதினேழு விசைகள்

என் நண்பனுக்கு வலது கை விழுந்துபோனது என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் விசைகளை எண்ணியதுதான். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் இடது கைக்கு எட்டும் எழுத்துகள் பதினைந்து. டேப் ஒன்று, ஸ்பேஸ்பார் ஒன்று. ஆகப் பதினேழு. ஒரு கால்குலேட்டருக்கு வேண்டியவை பத்து இலக்கங்கள், ஒரு புள்ளி, கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் நான்கு, எண்டர் ஒன்று, தப்பாகப் போட்டதைத் திரும்ப எடுக்க ஒன்று. அதுவும் பதினேழு. மருத்துவமனை வராந்தாவில் நின்று இதைக் கண்டுபிடித்து நான் சிரித்திருக்கிறேன். அவனுடைய மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

நானும் அவனும் கடலூரில் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசையில், முப்பத்தோரு வருஷம் விளைச்சல் கணக்கும் மழைக் கணக்கும் போட்டவர்கள். கடைசிப் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஒரு எடிட்டர், வெறும் எழுத்து அடிக்கிற மென்பொருள். அதற்குள் ஒரு கால்குலேட்டர் ஒளிந்திருப்பதை அவன்தான் கண்டுபிடித்தான். அதில் எண்களை முதலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, கடைசியில்தான் கூட்டு, பெருக்கு என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அதைவிடப் பிடித்தது, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நாமே எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்பது. கீமேப் என்பார்கள். ஆளுக்கு ஒரு கீமேப் எழுதி, யாருடையது நல்லது என்று கேன்டீனில் சண்டை போட்டிருக்கிறோம்.

ஓய்வு பெற்றதும் அவன் சிதம்பரத்துக்கு, மகள் வீட்டுக்குப் போனான். நான் மஞ்சக்குப்பத்திலேயே இருந்துவிட்டேன். என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், சராசரி ஒன்பது நிமிஷம். மற்ற ஆறு நாளும் எனக்குப் பேச்சு என்றால் காலை ஆறரை மணிக்கு நண்பனிடமிருந்து வரும் போன்தான். இரண்டு வீட்டு மாடியிலும் மழை அளக்கும் குடுவை வைத்திருந்தோம். "சிதம்பரத்துல முப்பத்தி ரெண்டு மில்லிமீட்டர், அங்க இன்னா? பதினொண்ணா? உன் மூஞ்சிக்கு அவ்ளோதான் பெய்யும் மச்சான்" என்பான். மழை இல்லாத நாளிலும் மழை இல்லை என்று சொல்லப் போன் வரும்.

பக்கவாதம் அவன் கையோடு பேச்சையும் இழுத்துக்கொண்டது. நேரில் உதட்டைப் பார்த்தால் முக்கால்வாசி புரியும். போனில் ஒன்றும் பிடிபடாது. அவன் வீடு திரும்பியதும் நான் முதல்முறை போன் செய்தபோது நாலு நிமிஷத்தில் ஒன்பது தடவை "என்ன, என்ன" என்று கேட்டேன். இரண்டாம்முறை பதினொரு தடவை. பாதியில் வைத்துவிட்டான். அதன்பின் நான் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் கீமேப். இடது பக்கத்து ஒன்பது எழுத்துகளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை, ஸ்பேஸ்பாரில் சைபர், மிச்ச ஏழில் மிச்ச ஏழு வேலை. எட்டு நாள் என் இடது கையால் மட்டும் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். தோள்பட்டை வலி வந்தது, இன்னும் போகவில்லை. பிறகு சிதம்பரம் போய் அவனுடைய கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவன் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ உளறினான். புரியாமல் விழித்தேன். அவனுடைய மகள் மொழிபெயர்த்தாள்.

"ஸ்பேஸ்பார்லயா சைபர வெப்பான், மடையன் வெப்பான்னு சொல்றாரு மாமா."

"வேற எங்க வெக்கிறதாம்? அவர் தலையிலயா?"

நானும் அவனும் சிரித்தோம். நெடுநாள் கழித்து அப்படிச் சிரித்தது அன்றுதான்.

அவன் கழிவறைக்குப் போன நேரத்தில் நான் இன்னொன்றும் செய்தேன். அந்த எடிட்டரில் ஹூக் என்று ஒன்று உண்டு, கொக்கி. ஒரு காரியம் நடக்கும்போதெல்லாம் இன்னொரு காரியம் தானாக நடக்கும்படி மாட்டிவிடலாம். கால்குலேட்டரைத் திறந்ததும் தேதியும் நேரமும் ஒரு கோப்பில் ஒரு வரியாக விழும்படி மாட்டினேன். மழைக் கணக்குக்காக இணையம் வழியே எங்கள் இருவர் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல் தெரியும் ஒரு ஃபோல்டர் முன்பே இருந்தது. அந்தக் கோப்பை அதற்குள் வைத்தேன். கொக்கி மொத்தம் ஏழு வரி. என் கீமேப் பயன்படுகிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வரி வந்தது. ஆறு நாற்பத்தொன்று. அதற்கடுத்த நாள் ஆறு முப்பத்தெட்டு. குடுவையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். காபியை எடுத்துக்கொண்டு போய் அந்த வரிக்காகக் காத்திருப்பது எனக்கு வழக்கமாயிற்று. வரி விழுந்த பிறகுதான் பேப்பரைப் பிரிப்பேன், மாத்திரை போடுவேன். ஏழு மணி தாண்டினால் கோப்பை மூடி மூடித் திறப்பேன். ஒரு நாள் ஏழு இருபதுக்கு வந்தது. அன்று பூரா அவனுக்கு என்ன, காய்ச்சலா, தூக்கம் ஜாஸ்தியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்படி எழுபத்து மூன்று நாள்.

எழுபத்து நான்காம் நாள் வரி இல்லை. எழுபத்தைந்தாம் நாளும் இல்லை. இரண்டு நாளும் ஐப்பசி மழை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். அவனே எடுத்துவிட்டால் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். மகள் எடுத்தால் என்ன சொல்வாளோ. மூன்றாம் நாளும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆலப்பாக்கத்தில் டிரைவர் எட்டு நிமிஷம் சும்மா நிறுத்தினான். ஜன்னல் மூடவில்லை, இடது முழங்கை முழுக்க நனைந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் கூட்டம் இருக்குமா, செருப்புகள் கிடக்குமா என்பதுதான் மனசில்.

இரண்டு ஜோடிச் செருப்புதான் இருந்தது. மகள் கதவைத் திறந்து, "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம இந்த மழையில?" என்றாள். அவன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்தான். எதிரே கம்ப்யூட்டர். அதில் கால்குலேட்டர் திறந்தபடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினாலு எண்கள்.

வாய் முந்திக்கொண்டது.

"கால்குலேட்டர ஏன்டா மூடல?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மழை தொடர்ந்து பெய்கிறது, தினமும் திறந்து மூடச் சோம்பல், அப்படியே விட்டிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. கொக்கி திறக்கும்போது மட்டும்தான் எழுதும். மாட்டிய அன்று ஆறு தடவை சோதித்தேன், ஆறு தடவையும் மூடித் திறந்துதான் சோதித்தேன். மூடாமலே ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் என் தொழில்காரன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒற்றைக் கையால், கீமேப்பும் கொக்கியும் எழுதி வைக்கிற அமைப்புக் கோப்பைத் திறந்து, கீழே போய், அந்த ஏழு வரியில் நிறுத்தினான். பேசினான். எதிரே உட்கார்ந்திருந்ததால் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"எத்தினி நாளா?"

"எழுபத்தி மூணு நாள் வந்துது."

"போன் எத்தினி பண்ண?"

எண்ணி வைத்திருந்தேன், எண் தானாக வந்துவிட்டது. "மொதல்ல ரெண்டு. இத மாட்டுனப்புறம் ஒண்ணும் இல்ல."

"நான் இன்னா மழைக் குடுவையா? காலைல எட்டிப் பாத்துட்டுப் போறதுக்கு?"

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்னப்பா?" என்றாள். நான் அவனிடம் சொன்னேன், "உன் பேச்சு போன்ல புரியல. ஒவ்வொரு தடவையும் என்ன என்னன்னு கேட்டா உனக்குக் கஷ்டம்னுதான்..."

"எனக்கா கஷ்டம்?" என்றான்.

அவன் கம்ப்யூட்டரை என் பக்கம் தள்ளினான். நானே ஏழு வரியையும் அழித்தேன். கீமேப்பையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "அது கிடக்கட்டும்" என்றான். மகள் சாப்பிடச் சொன்னாள். வேண்டாம் என்றேன், பிறகு சாப்பிட்டேன். கிளம்பும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பழக்கத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். பழைய வரிகள் இருந்தன. காபி ஆறிப்போயிற்று. அடுத்த நாளும் அப்படியே. நாள் முழுவதும் காய்கறிக்காரியிடம் சொன்ன பதினெட்டு வார்த்தை தவிர வேறு பேச்சில்லை. மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்கு எண்ணை அழுத்தினேன். அவனே எடுத்தான். நீளமாக ஏதோ சொன்னான். நான் "ம்ம்" என்றேன். மறுபடி சொன்னான். "ம்ம்" என்றேன்.

நிறுத்தினான். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கல்லை நகர்த்துவதுபோல் சொன்னான். "நான்... இன்னா... சொன்னேன்... சொல்லு."

"புரியல."

"புரியலன்னா... கேளு. ம்ம்... போடாத."

கேட்டேன். பதினான்கு தடவை கேட்டேன். நாலாவது தடவை திட்டினான், அது மட்டும் உடனே புரிந்தது. மழை நாற்பத்தாறு மில்லிமீட்டர், பிசியோதெரபி பண்ணுகிற பெண் வரவில்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். இவ்வளவு தெரிந்துகொள்ளப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. கடைசியில் இன்னும் ஏதோ ஒன்று சொன்னான். அது என்ன என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மறுபடியும் எண்ணை அழுத்தினேன்.