எலுமிச்சம்பழமும் யுரேனியத் தொட்டியும்

கல்லிலிருந்து யுரேனியம் எடுக்கும் தொழிலில் முதலில் கரைவது நம் சட்டைதான். அமிலத்தோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லைப் பொடித்துத் தொட்டியில் கொட்டி, வெந்நீரும் கந்தக அமிலமும் விட்டு, துடுப்பு வைத்த மோட்டாரால் கலக்கிக்கொண்டே இருந்தால் யுரேனியம் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பெங்களூரில் எங்கள் சோதனைக் கொட்டகையில் அது வருவதற்குள் என் பிராணன் போய் வந்தது.

ஓட்டை

ரிச்சர்ட்ஸ் டவுனில் ரோஸியைப் பெண் பார்க்கப் போனேன். வேலைக்கும் விசேஷத்துக்கும் என்னிடம் இருந்தது ஒரே நல்ல சட்டை. காப்பிக்குக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன், முழங்கைப் பக்கம் வரிசையாக ஓட்டைகள். தெறித்த அமிலம் சலவைக்குப் பிறகு தன் வேலையைக் காட்டியிருந்தது. ரோஸி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

என்ன வேலை என்று கேட்டார்கள். யுரேனியம் என்றேன். ரோஸியின் அம்மா நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பா, ஓட்டைகளை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல வேலை பர்மனென்ட் ஆகட்டும் தம்பி. மத்ததை அப்புறம் பேசலாம்."

நுரை

வேலையை நிரந்தரமாக்க வேண்டியவர் எங்கள் சூப்பரின்டென்டென்ட் சென்னப்பா. பீகாரிலிருந்து வந்த இரண்டு மூட்டைக் கல்லில் நல்ல விளைச்சல் காட்டினால் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். முதல் மூட்டை முழுக்கச் சுண்ணாம்புக் கல். இதற்கு அமிலம் ஆகாது, சலவைச் சோடாதான் சரி என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வழக்கத்தை மாற்றாதே என்றார்.

அமிலத்தை ஊற்றியதும் தொட்டி புஸ்ஸென்று பொங்கி, வழிந்து, நேரே அவர் பூட்ஸுக்கு வந்தது. அவர் பூட்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏனப்பா, உங்க வீட்ல பால் பொங்கினா நீர் தெளிக்க மாட்டாங்களா? அஷ்டே, அவ்வளவுதான்."

லீவு

இரண்டாவது மூட்டை நல்ல கல். அதுதான் கடைசியும். தொட்டியில் கொட்டி, மோட்டாரை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். ஓடும் துடுப்பை நடுவில் நிறுத்தினால் பொடி அடியில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மறுநாள் காலை கொட்டகைக்குள் நுழைந்தால் ஒரே நிசப்தம். ஆயுத பூஜை. மெக்கானிக் ஏழுமலை மோட்டாரை நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் அப்பி, எலுமிச்சம்பழமும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

கிறிஸ்தவனான நான் அந்த மாலையில் கை வைத்தால் கொட்டகையில் ஒருவரும் என்னோடு பேச மாட்டார்கள். ஆகவே தொட்டியின் நிலைமையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை இருக்குல்ல சார்? மோட்டாருக்கு இது ஒரு நாள்தான்."

பொரி

எல்லோரும் பொரியும் கடலையும் கொறிக்க, நான் ஸ்டூல் மேல் நின்று மூங்கில் கழியால் தொட்டியைக் கிண்டினேன். ஆவியில் கண் எரிந்தது. ரோஸி கை நழுவிப் போகிறாளே என்று அழுகையும் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கைக்குட்டை. மறுநாள் மோட்டார் முக்கி முனகி ஓடியது. பயத்தில் கூடுதலாக ஒரு நாள் ஓட விட்டேன்.

அதுவரை காணாத விளைச்சல் வந்தது. அமிலத்தில் அதிக நேரம் ஊறியதால்தான் என்று சென்னப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். கடைசி வரை தலையாட்டிக் கேட்டார், சிபாரிசிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏழுமலை, இனிமே ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பூஜை போட்டுடு" என்றார்.

மறுபடியும் ரிச்சர்ட்ஸ் டவுன்

உத்தரவு கைக்கு வந்ததும் புதிதாக வாங்கி ஒரே ஒரு முறை துவைத்த சட்டையில், கொட்டகையிலிருந்து நேரே ஓடினேன். ரோஸியின் அப்பா உத்தரவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படியே அவர் பார்வை என் கைக்கு நகர்ந்தது. மணிக்கட்டருகே பொத்தானளவு ஓட்டை. சட்டென்று கையைப் பின்னால் மறைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரோஸி நல்லா ஒட்டுப் போடுவா, தம்பி."

கல்லிலிருந்து யுரேனியத்தைப் பிரித்துவிட்டேன், அந்தப் பெருமையிலிருந்து ஏழுமலையின் எலுமிச்சம்பழத்தைத்தான் இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.